கார்த்திகை அமாவாசையும் நம்ம வாய்க்காலும்



ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை பிறக்கப் போகுது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால தொண்டூழியர்கள் நாங்க வருஷா வருஷம் கோயிலைச் சுத்தி இருக்கற வாய்க்கால்களைச் சுத்தம் செய்வோம். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் கேட்பாங்க: "இது சிங்கப்பூர் தானே? எல்லாத்தையும் அரசாங்கம் பார்த்துக்குது. நாம எதுக்கு லோங்காங்ல கை வைக்கணும்?" நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் இந்தத் தீவோட வரலாற்றுல இருக்கு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

தண்ணியைத் தேடி வந்த கோயில்

1819 மே மாசம் ராஃபிள்ஸ் இரண்டாவது தடவையா சிங்கப்பூர் வந்தப்போ, பினாங்கிலிருந்து அவரோட வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை வைச்சவர், நம்ம மக்களுக்குக் கோயில் வேணும்னு நின்னவர். முதல்ல அவருக்குக் கிடைச்ச இடம் தெலுக் ஆயர் தெருவில். அப்போ அது கடற்கரை ஓரம். ஆனா கோயில் பூஜைக்கு வேண்டிய நல்ல தண்ணி அங்கே வசதியாக் கிடைக்கலை. அதனால 1821ல் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் பக்கத்துல ஒரு இடம் கிடைச்சுது. 1822ல் நகரத் திட்டம் மாறினதால அதுவும் கைவிட்டுப் போச்சு. கடைசியா 1823ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இப்போ இருக்கற இடம் கொடுத்தாங்க. 1827ல் மரமும் அத்தாப்பும் வைச்சுக் கட்டின சின்னக் கோயில்தான் இன்னைக்கு நாம கும்பிடற ஸ்ரீ மாரியம்மன் கோயில்.

அந்த ஸ்டாம்ஃபர்ட் கால்வாயை ஞாபகம் வைச்சுக்குங்க. கீழே திரும்பவும் வரும்.

தண்ணி பக்கத்துல இருக்கணும், ஆனா ரொம்பப் பக்கத்துலயும் இருக்கக் கூடாது. இந்தத் தீவில் ஆரம்பத்திலிருந்தே பிரச்சினை இதுதான். சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை அப்போ வெறும் சதுப்பு நிலம். இப்போ ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கற இடத்துல நின்ன ஒரு சின்னக் குன்றை வெட்டி, அந்த மண்ணைப் போட்டுத்தான் 1822ல் போட் கீ கரையை மேடாக்கினாங்க. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புற வேலை அன்னைக்கு ஆரம்பிச்சது, இன்னும் முடியலை.

பள்ளத்தில் வாழ்ந்தவங்க, பள்ளத்தை வடிய வைச்சவங்க

1825ல் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளை இங்கே கொண்டு வந்தாங்க. அதுல சென்னை மாகாணத்துக்காரங்களும் இருந்தாங்க. 1873 வரைக்கும் இந்த ஊரின் ரோடு, பாலம், வாய்க்கால் வேலைகளிலும் சதுப்பு நிலத்தை மேடாக்குற வேலையிலும் கைதிகளோட வேர்வை நிறையவே கலந்திருக்கு. அதுக்குப் பிறகு முனிசிபாலிட்டியிலும் பொதுப்பணித் துறையிலும் கூலி வேலைக்குச் சேர்ந்தவங்கள்ல தமிழர்கள் ஏராளம். தெருக் கூட்டினது, வாய்க்கால் வெட்டினது, சாக்கடை அள்ளினது அவங்கதான். எந்தக் கல்வெட்டிலும் அவங்க பேர் இல்லை.

சிராங்கூன் ரோடு வட்டாரமும் தாழ்வான நிலம்தான். ரோச்சோர் ஆற்றுத் தண்ணியும் புல்லும் இருந்ததாலதான் அங்கே மாட்டு வியாபாரம் வளர்ந்துச்சு. "கண்டாங் கெர்பாவ்" என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால நம்மவங்க அந்த இடத்தைச் "சுண்ணாம்பு கம்பம்"னு கூப்பிட்டாங்க. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. மேட்டு நிலத்துல துரைமார் பங்களா, பள்ளத்துல மாடும் சூளையும் கூலி லைனும். மழை வந்தா முதல்ல யார் வீட்டுக்குள்ள தண்ணி போகும்னு நாங்க சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு கார்த்திகை அமாவாசைகள்

1954 டிசம்பரிலும் பெரிய வெள்ளம் வந்திருக்கு. ஆனா மூத்தவங்க அதிகம் பேசறது இரண்டு வெள்ளத்தைப் பற்றி.

1969 டிசம்பர் 10: ஒரே நாளில் 467 மில்லிமீட்டர் மழை. 5 பேர் இறந்தாங்க.

1978 டிசம்பர் 2: 24 மணி நேரத்தில் 512.4 மில்லிமீட்டர். சிங்கப்பூரில் ஒரு நாளில் பதிவான மழைக்கு இன்னைக்கும் அதுதான் உச்சம். வருஷம் முழுக்கப் பெய்யற மழையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்த ஒரே நாளில் கொட்டுச்சு. 7 பேர் உயிரிழந்தாங்க. 1,000 பேருக்கு மேல வீட்டை விட்டு வெளியேத்தினாங்க. காலாங் ஆறு ஓடுற பொத்தோங் பாசிர் அப்போ காய்கறித் தோட்டமும் அத்தாப்பு வீடுமா இருந்த தாழ்வான கம்பம். அங்கே வளர்ந்தவங்க நம்ம கோயிலுக்கு வந்தா கேட்டுப் பாருங்க. கூரை ஏறி உட்கார்ந்த கதை சொல்லுவாங்க.

இப்போ பஞ்சாங்கத்தைப் பார்ப்போம். 1969 டிசம்பர் 9 அமாவாசை. வெள்ளம் மறுநாள். 1978ல் அமாவாசை நவம்பர் 30. வெள்ளம் இரண்டு நாள் கழிச்சு. இரண்டுமே கார்த்திகை மாசம்.

இதுல மர்மமோ தெய்வக் குற்றமோ கிடையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்னு கடலை இழுக்கும். கடல் ஏற்றம் அந்த நாட்களில்தான் அதிகம். நம்ம வாய்க்கால் தண்ணி எல்லாம் கடைசியில் கடலுக்குத்தான் போகணும். கடல் மட்டம் உயர்ந்து நிற்கும்போது தாழ்வான இடத்துத் தண்ணிக்குப் போக வழி இருக்காது. சில சமயம் கடல் தண்ணியே வாய்க்கால் வழியா உள்ளே ஏறும். அந்த நேரம் பார்த்துப் பெருமழையும் சேர்ந்தா என்ன ஆகும்? மழைதான் முதல் காரணம், அதுல சந்தேகம் இல்லை. ஆனா கடல் ஏற்றம் கதவைச் சாத்தி வைச்ச மாதிரி.

தொழிற்சாலையில் வேலை செய்யறவங்களுக்கு ஆபத்தை எப்படி அளக்கறதுன்னு தெரியும். எத்தனை தடவை நடக்கும்? நடந்தா சேதம் எவ்வளவு? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும். மழை அடிக்கடி வரும். கடல் ஏற்றமும் மாசம் இரண்டு தடவை வரும். தனித்தனியா வந்தா சமாளிச்சுடலாம். இரண்டும் ஒரே நாளில் வந்து, வாய்க்காலும் அடைச்சிருந்தா, அதுதான் ஆள் சாகிற வெள்ளம்.

நாடு எப்படிச் சமாளிச்சுது?

1970களில் சுமார் 3,200 ஹெக்டர் நிலம் வெள்ள அபாயப் பகுதியா இருந்துச்சு. இப்போ 30 ஹெக்டருக்கும் குறைவு. இது தானா நடக்கலை.

முதல் வேலை, தண்ணிக்கு வேற வழி காட்டுறது. புக்கிட் தீமா வெள்ளத்தை உலு பாண்டான் பக்கம் திருப்பிவிடும் கால்வாய் 1972ல் முடிஞ்சுது. இரண்டாவது, தரையை உயர்த்துறது. புதுக் கட்டடம் எதுவா இருந்தாலும் தரை மட்டம் இவ்வளவு உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாதுன்னு விதி வைச்சாங்க. கம்பங்கள் போய் வீவக வீடுகள் வந்தப்போ பல பள்ளமான இடங்களை மேடாக்கினாங்க. மூன்றாவது, கடலுக்கே கதவு போடுறது. 2008ல் திறந்த மரீனா அணைக்கட்டில் 9 இரும்புக் கதவுகள். கடல் இறங்கியிருந்தா கதவைத் திறந்து மழைத் தண்ணியை வெளியே விடுவாங்க. கடல் ஏறியிருந்தா கதவு மூடியே இருக்கும். 7 ராட்சத பம்புகள் தண்ணியை இறைச்சுக் கடலில் தள்ளும். எல்லாம் ஓடினா வினாடிக்கு 280 கன மீட்டர், அதாவது 9 வினாடிக்கு ஒரு ஒலிம்பிக் நீச்சல் குளம். சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் போன்ற தாழ்வான இடங்களுக்கு அது பெரிய காவல். அமாவாசைக் கடலுக்கும் கார்த்திகை மழைக்கும் நடுவுல நிற்கிற எல்லைச்சாமின்னு வைச்சுக்குங்களேன்.

இவ்வளவு செஞ்சும் 2010 ஜூன் 16 அன்னைக்கு ஆர்ச்சர்ட் ரோடு முங்கிப் போச்சு. இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல மழை. எங்கே தடைன்னு ஆராய்ஞ்சு பார்த்தப்போ, ரோட்டுக்கு அடியில் இரண்டாப் பிரிஞ்சு ஓடுற கால்வாயில் ஒரு பாதையைக் குப்பை அடைச்சிருந்தது தெரிஞ்சுது. எந்தக் கால்வாய்? நாராயண பிள்ளைக்கு 1821ல் பக்கத்துல இடம் கொடுத்தாங்களே, அதே ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்.

அதுக்குப் பிறகு 38,000 கன மீட்டர் கொள்ளளவில் நிலத்துக்கடியில் ஒரு தொட்டியும், தண்ணியைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் 2 கிலோமீட்டர் கால்வாயும் கட்டி 2018ல் முடிச்சாங்க. செலவு 22 கோடி வெள்ளிக்கு மேல. அந்த அனுபவம் சொல்ற பாடம், எவ்வளவு பெரிய கால்வாயா இருந்தாலும் அடைச்சுக்கிட்டா பிரயோஜனம் இல்லை.

இனிமேல்?

இந்தத் தீவில் சுமார் 30 விழுக்காடு நிலம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்துக்கும் குறைவு. இந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம்னு 2024ல் வெளிவந்த தேசிய ஆய்வு சொல்லுது. அப்போ சாதாரண அமாவாசை ஏற்றமே இன்னைக்கு இருக்கறதை விட எவ்வளவு உயரமா இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. 2020லிருந்து கடலோரப் பாதுகாப்புப் பொறுப்பும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு வந்திருக்கு. ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் "லாங் ஐலண்ட்"னு சுமார் 800 ஹெக்டர் நிலத்தைக் கடலில் உருவாக்கும் யோசனையும் இருக்கு. போட் கீயில் 1822ல் செஞ்ச அதே வேலை, அளவுதான் பெரிசு.

பெரிய கதவு, பெரிய பம்பு எல்லாம் அரசாங்கம் வைக்கும். கோயில் மடைப்பள்ளிக்குப் பின்னால இருக்கற வாய்க்காலில் வாழை இலை விழுந்தா அதை எடுக்க மரீனாவிலிருந்து யாரும் வர மாட்டாங்க. அது நம்ம பொறுப்பு. அதனால பக்தர்களிடம் நாங்க கேட்டுக்கறது இவ்வளவுதான்:

1. மாலை, பூ, எலுமிச்சம்பழம், தேங்காய் நார் எதையும் வாய்க்காலில் போடாதீங்க. அதுக்குன்னு தனித் தொட்டி வைச்சிருக்கோம்.

2. அன்னதானம் முடிஞ்சதும் சோறு, எண்ணெய், இலை மூணையும் தண்ணியில் அடிச்சு விடாதீங்க. எண்ணெய் உள்ளே உறைஞ்சு வழியைக் குறுக்கிடும்.

3. அரிசி மூட்டையைத் தரையில் வைக்காதீங்க, பலகை மேல அடுக்குங்க. தரையோரம் மின்கம்பி இழுத்து விளக்குப் போடாதீங்க.

4. கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வரும். கடலும் ஏறியிருக்கும், மழையும் இருக்கும். தீபத்துக்கு எண்ணெய் வாங்கும் அன்னைக்கே வாய்க்கால் மூடிகளையும் ஒரு தடவை பார்த்துடுவோம்.

நம்ம முன்னோர் கூலிக்காக வாய்க்கால் வெட்டினாங்க. அவங்க வேர்வையில் காய்ஞ்ச நிலத்தில்தான் நாம காலணி கழற்றி வைச்சுட்டு உள்ளே போய்க் கும்பிடறோம். அவங்க கூலிக்குச் செஞ்சதை நாம சேவையாச் செய்யறதுல கௌரவம் ஒண்ணும் குறையாது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சதும் சுத்தம் செய்யற வேலை ஆரம்பம். கையுறையும் கூடையும் நாங்க தர்றோம். பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க, இந்தக் கதையை அவங்களுக்கும் சொல்லுங்க. பசியாற இட்டிலி உண்டு.

அம்பாள் துணை.

கோயில் தொண்டூழியர் குழு