சட்டாம்பிள்ளையின் சனிக்கிழமை

1881ஆம் ஆண்டு நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொது விடுமுறை என்பதில் ஞாயிற்றுக்கிழமைகளும் அடங்கும் என்கிறது. தவணைச் சீட்டின் கெடு ஞாயிறன்று விழுந்தால் அதற்கு முந்தின வேலைநாளே கெடு. சோழவரத்தில் ஒரு வங்கிக் கிளையில் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இது தொழில் விவகாரம். ஆனால் தொழிலுக்கு அப்பாற்பட்ட ஒரு கேள்வியும் இதில் இருக்கிறது. ஏன் ஞாயிறு? விதித்தது யார், கடவுளா, சர்க்காரா?

தமிழில் இக்கேள்வியை அதன் முழு விளைவுகளோடும் எழுப்பியவர் ஓர் உபதேசியார். பெயர் அருமைநாயகம். வாத்தியாருக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவனுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் கொடுத்த பெயர் சட்டாம்பிள்ளை. அதுவே அவருக்கு நிலைத்துவிட்டது. நாசரேத்தில் எஸ்.பி.ஜி. மிஷனரியாக இருந்த கேமரருடன் பிணங்கி வேலையை இழந்தார். 1849இல் வெளியான கால்டுவெல்லின் ஆங்கில நூல் நாடார் சமூகத்தைத் தாழ்த்தி எழுதிவிட்டது என்ற கொதிப்பும் சேர்ந்துகொண்டது. 1857இல், நாசரேத்தை ஒட்டிய மூக்குப்பீறி, பிரகாசபுரம் பகுதியில் தனிச் சபை உருவாயிற்று. இந்து கிறிஸ்தவ சபை என்றும் ஏக இரட்சகர் சபை என்றும் அது அறியப்பட்டது. வெள்ளைக்கார மிஷனரியின் அதிகாரம் அங்கே செல்லாது. சாம்பிராணி உண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குதல் உண்டு, திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சைச் சாறு. ஓய்வுநாள் சனிக்கிழமை.

இதை இந்து வழக்கமும் யூத வழக்கமும் கலந்த கதம்பம் என்று சொல்லி ஒதுக்குவது சுலபம். சாதிக் கோபத்தின் மத வேஷம் என்று விளக்கிவிடுவது அதைவிடச் சுலபம். சமூகவியல் நமக்குக் கற்றுத் தந்திருக்கும் சோம்பேறித்தனம் இது. கோபம் இருந்தது, சரி. ஆனால் கோபம் ஏன் சனிக்கிழமையாக வெளிப்பட வேண்டும்?

அவர் கையில் இருந்த புஸ்தகத்தைப் பார்க்க வேண்டும். பாப்ரீஷியஸ் மொழிபெயர்த்து, ரேனியஸ் போன்றவர்கள் திருத்திய வேதாகமம் சாமான்யன் கைக்கு வந்துவிட்ட காலம். அதில் ஓய்வுக்குரியது ஏழாம் நாள். ஆங்கிலிக்கன் ஜெப புஸ்தகத்தின்படி நற்கருணை ஆராதனையில் குருவானவர் பத்துக் கட்டளைகளையும் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, இதைக் கைக்கொள்ள மனசு தரவேண்டும் என்று சபை முழந்தாளில் நின்று மன்றாடும். நான்காவது கட்டளை ஏழாம் நாளைப் பற்றியது. அதற்காக அவர்கள் மன்றாடியதோ வாரத்தின் முதல் நாளில். இந்த முரணைப் பார்க்க ஹீப்ரு தெரிய வேண்டியதில்லை, தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். உங்கள் புஸ்தகத்தை உங்களைவிட ஒழுங்காக நான் வாசிக்கிறேன் என்பதுதான் சட்டாம்பிள்ளையின் சனிக்கிழமை. காலனிய காலத்துத் தமிழ் விமர்சனத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இதை நாம் ஏன் வைத்துப் பார்க்கவில்லை?

மிஷனரியின் தரப்பும் வெறுங்கையல்ல. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள். அன்று அப்பம் பிட்கக் கூடியதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆனால் கூடியது வேறு, ஓய்வைக் கட்டளையாக மாற்றியது வேறு. ஞாயிற்று ஓய்வைச் சட்டமாக்கியது 321இல் கான்ஸ்டன்டைன். அவன் ஆணை அந்த நாளைச் சூரியனின் நாள் என்றே குறிப்பிட்டது. நகரத்தார் ஓயவேண்டும், உழவன் வேலை செய்யலாம் என்றது. சோழவரம் பக்கத்தில் ஞாயிறு என்றே ஒரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலில் சூரியனுக்கு விசேஷம். ரோமாபுரிச் சக்கரவர்த்திக்கு அந்த ஊர்ப் பெயர் விளங்கியிருக்கும்.

அப்படியானால் சட்டாம்பிள்ளை சொன்னதுதான் சரியா? பாதி சரி. ஞாயிறுக்கு வேதக் கட்டளை இல்லை என்று அவர் கண்டது சரி. அதிலிருந்து சனிக்கிழமை கிறிஸ்தவனைக் கட்டும் என்று போனதில் ஒரு தாண்டல் இருக்கிறது. ரோமருக்கு எழுதுகையில் பவுல், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணட்டும், மற்றவன் எல்லா நாளையும் சமமாக எண்ணட்டும், அவரவர் மனசில் நிச்சயம் இருந்தால் சரி என்ற பொருளில் பேசுகிறார். கொலோசெயருக்கோ, ஓய்வுநாளை வைத்து யாரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள் என்கிறார். கட்டாயம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு நாளும் தோற்கின்றன. மிஷனரியின் அதிகாரத்தை உதறியவர் அந்த இடத்தில் ஒரு நாளின் அதிகாரத்தை உட்கார வைத்தார். எதிர்ப்பு தன் எதிரியின் சாயலைப் பெற்றுவிடுவது நம் இலக்கியச் சண்டைகளிலும் பார்த்ததுதான்.

பிற்பாடு நடந்தது வேடிக்கையானது. ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபை அமெரிக்காவில் அமைப்பாக உருவானது 1863இல். நாசரேத்தின் சனிக்கிழமை அதற்கு ஆறு வருஷம் மூத்தது. 1908 வாக்கில் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அட்வென்டிஸ்ட் மிஷனரி பிரகாசபுரத்துக்கு வந்து சேர்ந்தார், அங்கே ஏற்கெனவே சனிக்கிழமை அனுசரிக்கிறார்கள் என்பதற்காக. மிஷனரியை வெளியேற்றிய நாளே மிஷனரியைத் திரும்ப அழைத்து வந்தது. இன்று அவ்வூரில் ஜேம்ஸ் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது.

இரு தரப்பும் எந்த நாள் என்று வாதிட்டதில் எதற்காக என்பது நழுவிப் போயிற்று. பத்துக் கட்டளை வேதாகமத்தில் இரண்டு முறை வருகிறது. யாத்திராகமம் ஓய்வுக்குச் சொல்லும் காரணம் சிருஷ்டி. கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்தார். உபாகமம் சொல்லும் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாய் இருந்தவன், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல் இளைப்பாறட்டும் என்கிறது. மாட்டையும் கழுதையையும்கூட அது விடவில்லை. முதல் காரணம் நாட்காட்டியைப் பார்க்கிறது. இரண்டாவது, கூலிக்காரனைப் பார்க்கிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்தின் முதல் நாளை ஓய்வென்று வைத்தது. முன்பின் மூன்று நாளுக்குள் மாற்றிக்கொடுக்கலாம் என்றும் இடம்விட்டது. இந்தப் பக்கத்து ஷெட் ஒன்றில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் ஒருவர் பாஸ்புக் போட வருவார். சிலுவை போட்ட கறுப்புக் கயிறு கழுத்தில். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது என்பது பழக்கத்துக்கு வராமல், ஒருமுறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார். கோயிலுக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டேன். "ஆஃப் என்னைக்கு விடறாங்களோ அன்னைக்கு சார். ரெண்டு வாரமா விடலை" என்றார்.

சட்டாம்பிள்ளையும் கேமரரும் அவருக்காக வாதாடவில்லை. உபாகமம் வாதாடியிருக்கிறது.