புழுங்கலரிசியும் பெரிபெரியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலரைப் பெரிபெரி என்னும் நோய் பலிகொண்டது. கால்கள் மரத்தன, உடல் வீங்கியது, இறுதியில் இதயம் தளர்ந்தது. அதே நாட்டின் தோட்டங்களில் பாடுபட்ட தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. வறுமையில் இரு சாராரும் ஒருவருக்கொருவர் குறைந்தவரல்லர். வேறுபாடு சோற்றுப் பானையில் இருந்தது. சீனர் உண்டது ஆலையில் வெண்மையாகத் தீட்டிய பச்சரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதனைக் கூர்ந்து நோக்கினார்.

அவர் கருத்தைச் சோதிக்க, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-06இல் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றவருக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். மற்றப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. ஒப்புதல் தரும் நிலையில் இல்லாதவர்கள் அவர்கள் என்பதை இவ்வரலாற்றைப் படிப்போர் மறத்தலாகாது.

அரிசியில் நஞ்சு இருக்கலாம் என்றே பிராடன் எண்ணினார். உண்மை அதற்கு நேர்மாறானது. பத்தாவியாவில் கிரைன்சு என்பார், தவிட்டிலுள்ள இன்றியமையாத ஒரு பொருள் குறைவதே காரணம் என 1901இலேயே கூறியிருந்தார். 1907இல் ஜெலெபுக் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே பிரேசரும் ஸ்டாண்டனும் நடத்திய ஆய்வும் பின்னர் அம்முடிவுக்கே இட்டுச் சென்றது. அப்பொருளே தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து.

சோற்றின் மாவுச்சத்து உடலில் குளுக்கோசாகி, பின்னர் பைருவிக் அமிலமாகிறது. அதனை மேலும் எரித்து ஆற்றலாக்க தயமின் வேண்டும். அஃதில்லையேல் அமிலம் தேங்குகிறது. மிகுந்த ஆற்றல் வேண்டும் நரம்புகளும் இதயமும் முதலில் நலிகின்றன. ஆக்ஸ்போர்டில் பீட்டர்சு, தயமின் குன்றிய புறாக்களின் மூளையில் இத்தேக்கத்தைக் கண்டறிந்தார். மாவுச்சத்தை மிகுதியாக உண்ணும் அளவுக்குத் தயமின் தேவையும் உயர்கிறது. ஆதலால், வயிறு நிறையச் சோறுண்ட சுரங்கத் தொழிலாளியின் உயிரணுக்கள் பட்டினி கிடந்தன!

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்கு ஊறிச் செல்கிறது; பின்னர்த் தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. தமிழகத்துச் சிற்றூர்களில் நெல் அவித்த பெண்கள் இதனை அறிந்திலர். உரலில் குத்தும்போது அரிசி நொறுங்கக் கூடாது என்பதே அவர்தம் கவலை.