பளு தூக்கியவர்கள்



ஜூபிலி மலர் என்றால் ஆலயக் கோபுரத்தைப் பற்றியும் மணியைப் பற்றியும் எழுதுவது வழக்கம். அந்த மணியைக் கோபுரத்துக்கு ஏற்றியவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆகவே, பெரும் பளுவைத் தூக்கி நிறுத்திய இரண்டு வரலாறுகளை இங்கே தருகிறேன். ஒன்று உரோமையில் நடந்தது. மற்றொன்று நம் பாம்பனில்.

1586-ஆம் ஆண்டு பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ், எகிப்திலிருந்து முற்காலத்தில் வந்த ஒற்றைக்கல் தூணைப் புனித இராயப்பர் பேராலயத்தின் முன் நிறுத்தச் செய்தார். கல்லின் எடை 300 டன்னுக்கு மேல். பொறியாளர் தொமேனிக்கோ ஃபொந்தானா, கப்பிகளும் கயிறுகளும் பூட்டி, சுமார் 900 ஆட்களையும் 140 குதிரைகளையும் வேலையில் இறக்கினார். வேலை நேரத்தில் வாய் திறப்பவனுக்கு மரண தண்டனை என்று உத்தரவு. கயிறுகள் சூடேறித் தளர்ந்தபோது, மாலுமி ஒருவன் உயிருக்கு அஞ்சாமல், கயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்படி கூவினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. நனைந்த நார்க்கயிறு பருத்துச் சுருங்கி இறுகும். கமலை இறைத்த நம் பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி பாம்பன். 1914-இல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலத்தை 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயல் சிதைத்தது. தனுஷ்கோடி சென்ற பாசஞ்சர் ரயிலையும் கடல் விழுங்கிற்று. தூண்கள் நிற்க, நூற்றுக்கு மேற்பட்ட இரும்பு கர்டர்கள் நீரில் விழுந்தன. சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்றார்கள். பின்பு அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. புது கர்டர்களைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், பழையவை கடலடியில் கிடக்கும் செய்தியைச் சொன்னவர் ஒரு மீனவர். அவற்றை மீட்டெடுத்துத் தூண்கள்மேல் மறுபடி அமர்த்தினார்கள். 46 நாளில் பாலம் எழுந்தது.

இது எளிய வேலையன்று. நீருக்குள் இரும்பின் எடை எட்டில் ஒரு பங்கு குறைந்து நிற்கும். நீர்மட்டத்துக்கு மேலே வர வர, முழு எடையும் கயிற்றின்மேல் இறங்கும். சேறும் விடாமல் பிடித்திழுக்கும். அந்த நேரத்தில் பொறுமை இழந்தால், பளுவும் போகும், ஆளும் போகும்.

பழைய பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பல் போகும்போது ஆட்கள் கையால் சுழற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி கிடைமட்டமாகவே 17 மீட்டர் மேலெழுகிறது. தராசுத் தட்டுப் போல எதிர் எடை கீழிறங்க, பாலம் ஏறுகிறது.

இரண்டு இடத்திலும் பொறியாளர் பெயர் நிலைத்தது, அது நியாயமே. ஆனால் இரண்டு இடத்திலும் தக்க வேளையில் வழி சொன்னவர் கடலில் பிழைத்த ஓர் எளியவர். பாம்பனில் அந்த மீனவரின் சொல்லுக்கு அதிகாரிகள் செவி கொடுத்திராவிட்டால், கர்டர்கள் கடலடியிலேயே கிடந்திருக்கும்.

நம் ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள், சாரம் கட்டியவர்கள், வடம் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் உயிரோடு இருப்பவர்களை இந்த ஜூபிலி ஆண்டிலேயே தேடிச் சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஜூபிலி வரை காத்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.