கை அறுவை சிகிச்சைக் கல்வியில் மருத்துவ ஓவியம்

இங்கு மருத்துவ ஓவியம் என்பது, கையின் தசைநாண்கள், நரம்புகள், இரத்தக் குழாய்களை அடுக்கடுக்காக வரைந்து அறுவை மருத்துவருக்குக் கற்பிக்கும் துணை. லியொனார்டோ டா வின்சி 1510ஐ ஒட்டி இத்தகைய படங்களை வரைந்தார். 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், பின்னர் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார், தொழுநோயையும் ஆராய்ந்தார்.

அந்நோய் முடக்கிய கைகளுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வழி கண்டவர், கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட். தொழுநோயால் கையின் அல்னார் நரம்பு செயலிழந்தால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். பிராண்டின் முறைகளுள் ஒன்றில், மணிக்கட்டை நிமிர்த்தும் தசையொன்றின் நாண் ஒட்டுநாணால் நீட்டப்பட்டு, நான்காகப் பிரிந்து விரல்களுக்குச் செல்கிறது. அது விரலடி மூட்டின் அச்சுக்கு உள்ளங்கைப் பக்கமாகச் சென்று, பிறகு விரலின் முதுகுப்புற நாண்விரிப்பில் சேர வேண்டும். அப்போதுதான் விரலடி மடங்கும், நுனி நிமிரும். புகைப்படத்தில் நாணும் சவ்வும் ஒரே வெண்மையாய்க் கலந்து தெரியும். மேலடுக்குகளை நீக்கி, பாதையைத் தனி நிறத்தில் வரைந்த பக்கவாட்டுப் படமே இதைத் தெளிவாக்குகிறது. பயிற்சி மருத்துவர் தானே வரைந்து பழகுவது இன்னும் சிறந்தது. ஆயினும் நாணை எவ்வளவு இறுக்கித் தைப்பது என்பதைப் படம் சொல்லாது. அதை அறுவை மேசையில்தான் கற்க வேண்டும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும், கோவை கங்கா மருத்துவமனையும் கை அறுவை சிகிச்சையில் பெயர்பெற்றவை.