சிலிண்டருக்குள் ஒரு துளி எண்ணெய்

நானுஓயா கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில இருக்கு. இங்க உட்கார்ந்துகிட்டு சுழியோடிகளின் சிலிண்டரைப் பத்தி ஏன் பேசணும்? காரணம் இருக்கு, கடைசியில சொல்றேன்.

1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலுக்குள் இறங்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டார்கள். அவர்கள் முதுகில் சுமந்தது சாதாரண வளி: 21 வீதம் ஒட்சிசன், மிச்சம் பெரும்பாலும் நைதரசன்.

அந்த நைதரசன்தான் சிக்கல். ஆழத்தில் அது உடம்புக்குள் கரையும். வேகமா மேலே வந்தால், சோடா போத்தலைத் திறந்த மாதிரி குமிழியாகும். அதனால் 1970களில் அமெரிக்காவின் நோவா நிறுவனத்தில் மோர்கன் வெல்ஸ், ஒட்சிசனை 32 வீதமாகக் கூட்டிய கலவையை முறைப்படுத்தினார். 1985இல் டிக் ருட்கோவ்ஸ்கி அதைப் பொழுதுபோக்குச் சுழியோடிகளிடமும் கொண்டு போனார்.

ஆனால் நிரப்புவதில் ஒரு ஆபத்து. வழக்கமான ஒரு முறையில் முதலில் சுத்த ஒட்சிசன், பிறகுதான் வளி. கலவை 32 வீதம்தான். ஆனா கொஞ்ச நேரம் சிலிண்டருக்குள் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க ஒட்சிசன். வால்வைச் சட்டென்று திறந்தால் வாயு அமுங்கிச் சூடாகும், சைக்கிள் பம்ப் சூடாகிற மாதிரி. அங்கே கம்பிரசர் எண்ணெயோ சாதாரண கிரீஸோ ஒட்டியிருந்தால் தீப்பிடிக்கலாம். சுத்த ஒட்சிசனில் தீ எப்படிப் பரவும் என்பதை 1967 ஜனவரி 27 அன்று அப்பலோ 1 காட்டியது. 3 விண்வெளி வீரர்கள் தரையிலேயே இறந்தார்கள்.

அதனால்தான் வால்வைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்து, எண்ணெய் போகக் கழுவி, அலசி, காய வைக்கிறார்கள். ஒட்சிசனுக்கு ஏற்ற ரப்பர் வளையம், ஒட்சிசனுக்கு ஏற்ற கிரீஸ் மட்டுமே போடுவார்கள். பிறகு ஒரே ஒரு தடவை எண்ணெய் கசியும் கம்பிரசரில் நிரப்பினாலும் அத்தனை வேலையும் வீண். மறுபடி முதல்ல இருந்து.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்தில் 32 வீத ஒட்சிசனே நஞ்சாகலாம். மேலே வரும் வழியில், ஆழம் குறைந்த இடத்தில் தரித்து நிற்கும்போதுதான் ஒட்சிசன் கூடிய வாயு கைகொடுக்கும். அந்தச் சிலிண்டர்தான் மிகச் சுத்தமாக இருக்கணும்.

இப்ப அந்தக் காரணம். கடலுக்குள்ள போனவங்க பேர் புத்தகத்தில இருக்கு. சிலிண்டரைக் கழுவின கை யாருடையதுன்னு எங்கேயும் இல்ல. கொழுந்து எடுத்த கையின் பேர் தேயிலைப் பெட்டியில் இல்லாததைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்தக் கதை புதுசா என்ன?