நிறுவனக் கண்காணிப்பு அறம்

நிறுவனக் கண்காணிப்பு என்பது வாடிக்கையாளர், ஊழியர், போட்டியாளர் பற்றிய தகவல்களைத் தனியார் நிறுவனங்கள் திரட்டிப் பயன்படுத்துவது. எதை, யாருடைய இசைவோடு, எந்த அளவுக்குத் திரட்டலாம் என்பதே இதன் அறக் கேள்வி.

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ‘ஒற்றாடல்’ உளவை அரசனின் கருவியாகக் கொண்டது. இன்று அது கைப்பேசிச் செயலி வழியே தனியாரிடமும் இருக்கிறது.

கடன் செயலிகள் கண்கூடான சான்று. திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கத்திலோ ஜவ்வாது மலையில் சாமை விளையும் ஊரிலோ ஒருவர் அவசரத்துக்குச் செயலியை இறக்குகிறார். ‘அனுமதி’ என்ற பொத்தானை ஒருமுறை தொட்டால் போதும். தொடர்பு எண்கள், படங்கள் எல்லாம் கைமாறக்கூடும். தவணை தவறினால், சில செயலிகளின் வசூல் ஆட்கள் உறவினர்களையே அழைத்து அவமானப்படுத்தினர். படங்களை ஆபாசமாகத் திரித்தும் அனுப்பினர். 2021 ஜனவரியில் சென்னைக் காவல்துறை இத்தகைய வழக்கில் சீனர்கள் உட்படப் பலரைக் கைது செய்தது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, இசைவு கோரும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி வேண்டும். தனியார் துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007இல் வந்த மசோதாவோ சட்டமாகவில்லை.

நெருக்கடியில் கொடுக்கும் இசைவு முழு இசைவு ஆகாது. கடன் வாங்கியவர் பணத்துக்குத்தான் கடன்பட்டவர். தன் மானத்தை அவர் அடகு வைக்கவில்லை.