அப்பாவின் ஊசியும் பாக்டீரியாவின் உபகாரமும்

என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது 1962-ல். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாயவரத்தில் குடியிருந்தோம். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. மண்பானையில் ஈர மணலைக் கொட்டி, அதற்குள் ஒரு சின்னச் சட்டி. அந்தச் சட்டிக்குள் இன்சுலின் பாட்டில். காலையில் அம்மா கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்து எடுத்துத் தருவாள். அப்பா பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவார். ஒரு நிமிடம் கண்ணருகே கொண்டு போவார். பிறகு தொடையில் குத்திக்கொள்வார். வருஷக்கணக்காகக் குத்தியதில் தொடையில் அங்கங்கே குழி விழுந்திருந்தது. அந்தக் கால மருந்தில் அது சகஜம் என்று டாக்டர் சொல்வார்.

கல்லூரியில் பி.யு.சி. படித்தபோது ஒருநாள் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது: இது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். டாக்டரிடம் ஓடினேன். "இதை விட்டால் வேறு மருந்து இல்லை தம்பி. அப்பாகிட்ட சொல்லாதே" என்றார். நானும் சொல்லவில்லை.

அந்தக் காகிதத்திலிருந்து இன்று நான் வைத்திருக்கும் பேனா ஊசி வரைக்கும் வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது சொந்தக் கதையும் கூட.

கனடாவில் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் 1921-ல் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்ததை முதன்முதலாகப் போட்டார்கள். அதற்கு முன் அந்த வியாதி வந்த குழந்தைகள் எலும்பும் தோலுமாகி இறந்துபோவார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே விற்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள் உலகம் முழுவதும் இறைச்சிக் கூடங்களை நம்பியே இன்சுலின் தயாரானது. 8 அவுன்ஸ் இன்சுலின் எடுக்க சுமார் 2 டன் பன்றிக் கணையம் வேண்டும் என்பார்கள். நோயாளிகளோ பெருகிக்கொண்டே போனார்கள். அதோடு, பன்றி இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரு அமினோ அமிலத்திலும், மாட்டு இன்சுலின் மூன்றிலும் வேறுபடும். சிலருக்கு உடம்பு ஏற்காமல் தடிப்பும் அரிப்பும் வரும். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், 21-ம் 30-மாக இரண்டு சங்கிலிகள். இந்த வரிசையை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டும் வழியை மாட்டு இன்சுலினை வைத்துக் கண்டவர் இங்கிலாந்தின் சாங்கர். அதற்காக 1958-ல் நோபல் பெற்றார்.

வரிசை தெரிந்தாயிற்று. ஆனால் அதைச் செய்வது யார்? அங்கேதான் டிஎன்ஏ வெட்டி ஒட்டும் வித்தை வருகிறது.

1972-ல் ஸ்டான்ஃபோர்டில் பால் பெர்க் இரண்டு வேறு வேறு வைரஸ்களின் டிஎன்ஏவைச் சோதனைக் குழாயில் ஒன்றாக இணைத்தார். அதே ஆண்டு நவம்பரில் ஹவாய்த் தீவில் ஒரு மாநாடு. அங்கே ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து பேசினார்கள். கோஹனிடம் பிளாஸ்மிட் இருந்தது. பாக்டீரியாவுக்குள் வளையல் மாதிரி வட்டமாகக் கிடக்கும் சிறு டிஎன்ஏ அது. போயரிடம் கத்தரிக்கோல் இருந்தது. டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டும் ஒரு என்சைம். அது நேராக வெட்டாமல் படிபோல வெட்டும். அதனால் அதே கத்தரியால் வெட்டிய எந்தத் துண்டும் அந்த முனையில் பொருந்திக்கொள்ளும். வளையலை வெட்டி, நமக்கு வேண்டிய துண்டை நடுவில் வைத்து, இன்னொரு என்சைமால் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் திருப்பி அனுப்பலாம். 1973-ல் செய்தே காட்டினார்கள்.

பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். ஒரு கரண்டி உறை மோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவதை நம் வீட்டில் தினமும் பார்க்கிறோம் அல்லவா? அதே சங்கதிதான். ஒரு பாக்டீரியாவுக்கு இன்சுலின் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டால், அதன் கோடிக்கணக்கான வாரிசுகளும் அதையே செய்யும்.

உடனே எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். முதலில் பயந்தவர்கள் விஞ்ஞானிகளே. மனிதக் குடலில் வாழும் கிருமியில் புதுச் சரக்கை ஏற்றி, அது வெளியே தப்பிவிட்டால்? 1974-ல் பெர்க் முதலானோர் சில சோதனைகளை நிறுத்தி வைக்கும்படி சக விஞ்ஞானிகளைக் கேட்டுக்கொண்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமர் கடற்கரையில் சுமார் 140 பேர் கூடி, எந்தச் சோதனைக்கு எவ்வளவு காவல் வேண்டும் என்று விதி வகுத்தார்கள். 1976-ல் ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரின் மேயர் வெலுச்சி, தன் ஊரில் இந்தச் சோதனையே கூடாது என்று எழுந்தார். நகரசபை சில மாதங்கள் தடை போட்டது. பொதுஜனங்களைக் கொண்ட ஒரு குழு விசாரித்து, கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கலாம் என்ற பிறகே தடை நீங்கியது. படிப்பாளிகள் சொன்னால் சரி என்று விட்டுவிடாமல் சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

1976-ல் ஸ்வான்சன் என்ற இளைஞர் போயரைப் பத்து நிமிடம் பேசக் கேட்டுப் போனார். பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. ஆளுக்கு 500 டாலர் போட்டு ஜெனென்டெக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். இன்சுலினுக்கான போட்டியில் எதிரே இருந்தவர் ஹார்வர்டின் வால்டர் கில்பர்ட். அவர் மனித உடலிலிருந்தே ஜீனை எடுக்கப் பார்த்தார். அதற்குக் கடுமையான காவல் விதி. அமெரிக்காவில் இடம் கிடைக்காமல், 1978-ல் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். கடைசியில் கையில் வந்தது எலியின் இன்சுலின் ஜீன்!

ஜெனென்டெக் ஆட்கள் வேறு வழியில் போனார்கள். ஜீனை உடலிலிருந்து எடுக்காமல், ரசாயனத்தாலேயே எழுத்து எழுத்தாகக் கோத்துவிட்டார்கள். செயற்கை ஜீன் என்பதால் அந்தக் காவல் விதி தடுக்கவில்லை. ஒரு ஜீனை ஆய்வகத்தில் முழுதாகச் செய்ய முடியும் என்று 1970-லேயே காட்டியவர் நம் ஹர் கோவிந்த் கொரானா. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவர். சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்தின் இட்டாகுராவும் ரிக்ஸும் துண்டுகளைச் செய்து தர, 27 வயது கோடல் 1978 ஆகஸ்டில் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனியே பாக்டீரியாவில் வளர்த்துச் சேர்த்தார். செப்டம்பர் 6-ம் தேதி உலகுக்கு அறிவித்தார்கள். 1982 அக்டோபரில் 'ஹ்யூமுலின்' விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. டிஎன்ஏ ஒட்டு வித்தையால் வந்த முதல் மருந்து அதுதான். 2004-ல் பெங்களூரு பயோகான் ஈஸ்டைக் கொண்டு நம் நாட்டிலேயே தயாரித்து விற்க ஆரம்பித்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சர்க்கரையைக் குறைப்பதில் பன்றி இன்சுலினுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்த மருந்து அமெரிக்காவில் ஏழைக்கு எட்டாத விலைக்குப் போன காலமும் உண்டு. ஆனால் இன்சுலின் தட்டுப்பாடு வருமோ என்ற பயம் போய்விட்டது. அது சின்ன விஷயமில்லை. நம் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இலவசமாக வாங்கி வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்பா 1981-ல் போய்விட்டார். ஹ்யூமுலின் வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், பதினாலு வருஷமாக மறைத்ததை அம்மாவிடம் சொன்னேன். அவள் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அவருக்குத் தெரியும்டா. முதல் மாசமே டாக்டர் சொல்லிட்டார். உனக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவேன்னு உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார். தினமும் பாட்டிலைக் கண்ணுல ஒத்திக்குவாரே, நீ பார்த்ததில்லையா? எந்த மாடோ, நமக்காகப் போச்சேன்னு சொல்வார்."

மருந்து கலங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

எனக்கும் எட்டு வருஷமாக இன்சுலின்தான். பேனா ஊசி, வலியே தெரிவதில்லை, தொடையில் குழியும் இல்லை. இதற்காக எந்த மாடும் சாகவில்லை. ஆனாலும் காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. பேத்தி கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதையே படிக்கக் கொடுக்கலாம் என்று தோன்றியது.